பின்பக்கம்தான் தரை

நம் ஊரில் டெரஸ் என்றால் மொட்டை மாடி. லண்டனில் வீடு தேடிக்கொண்டிருந்தபோது தரகர் போனில் "டெரஸ் வீடு" என்றதும் எனக்குத் துணி காயப்போடும் மாடிதான் நினைவுக்கு வந்தது. போய்ப் பார்த்தால் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை 22 வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டி, ஒரே உயரம், ஒரே செங்கல், ஒரே அளவு ஜன்னல் என்று ஒற்றைக் கட்டடம்போல நின்றன. இங்கே டெரஸ் என்பது அந்த வரிசையின் பெயர். அதில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில், இரண்டு அறைகளில், 11 வருஷம் குடியிருந்தேன். காலி செய்து ஒரு வருஷம் ஆகிறது. ஊரை விட்டு வந்த துக்கத்தைவிட அந்தக் கட்டடத்தை விட்டு வந்த துக்கம் கொஞ்சம் அதிகம் என்றே சொல்வேன்.

இடம் வடக்கு லண்டனில் இஸ்லிங்டன். கட்டியது 1820களில். நான்கு ஜார்ஜ் மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்ட 1714 முதல் 1830 வரையான காலத்தை ஜார்ஜியன் காலம் என்பார்கள். எங்கள் தெரு அதன் கடைசிப் பத்து வருஷத்தைச் சேர்ந்தது. பேர்போன கட்டடக் கலைஞர் யாரும் அதைத் தொடவில்லை. அரண்மனையும் இல்லை, குடிசையும் இல்லை. குமாஸ்தாக்களும் சின்ன வியாபாரிகளும் வாடகைக்கு வந்து இருக்கக் கட்டிய வீடுகள்.

குடிபோன முதல் வாரமே ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. முன்னறை ஜன்னலில் பார்த்தால் நடைபாதையில் போகிறவர்களின் செருப்பு தெரியும், மழைக்காலத்தில் குடையின் நுனி தெரியும், முகம் தெரியாது. அதாவது நான் பூமிக்குள் இருக்கிறேன். அப்படியே பத்துப் பன்னிரண்டு எட்டு நடந்து பின்னறைக் கதவைத் திறந்தால் ஒரு படிகூட ஏறாமல் நேராகத் தோட்டத்துப் புல்லில் கால் வைக்கலாம். முன்னால் பாதாளம், பின்னால் தரை. நிலம் சரிவாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் பின்னால் இருக்கும் அடுத்த தெருவிலும் இதே கதைதான், அந்த வீடுகளும் முன்பக்கம் புதைந்து பின்பக்கம் நிமிர்ந்து நின்றன. ஒரே சரிவு இரண்டு எதிர்த்திசையிலும் இறங்க முடியாதே.

சில வருஷம் கழித்து, முன்சுவர் வேலைக்கு வந்த ஒரு வயதான கொத்தனார்தான் இதைத் தீர்த்துவைத்தார். டீ குடித்துக்கொண்டே, "உங்கள் அறை கீழே இறங்கவில்லை, தெருதான் மேலே ஏறியது" என்றார். அப்புறம் படிப்படியாக நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். வயலாகக் கிடந்த இடத்தில் தெரு போட வருகிறவர்கள் பேஸ்மென்ட்டுக்காகக் கொஞ்ச ஆழம்தான் தோண்டுவார்கள். தோண்டிய மண்ணை வண்டி கட்டி வெளியே கொண்டுபோவது வீண் செலவு. அதனால் வீட்டுக்கு முன்னால் வரிசையாகச் செங்கல் வளைவுகள் கட்டி, அவற்றின் மேலும் நடுவிலும் அந்த மண்ணைக் கொட்டி, அதையே சாலையாக்கிவிடுவார்கள். ஆக, நான் தினமும் அண்ணாந்து பார்த்த நடைபாதை மனிதர் போட்ட கரை. 1820க்கு முன்னால் மாடு மேய்ந்த உண்மையான தரை என் பின்வாசலில் இருந்தது. இதைத் தெரிந்துகொண்ட அன்று சாயங்காலம் வெறுங்காலோடு தோட்டத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

நடைபாதைக்கு அடியில் இருக்கும் அந்தச் செங்கல் வளைவுகள்தான் நிலக்கரி அறைகள். என் முன்கதவுக்கு எதிரே, இவர்கள் ஏரியா என்று சொல்லும் குறுகலான குழிமுற்றத்தைத் தாண்டினால் அதன் கதவு. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் வட்டமாக ஒரு துளை, அதன்மேல் வார்ப்பிரும்பு மூடி. கரிக்காரர் தெருவில் வண்டியை நிறுத்தி, மூடியைத் தூக்கி, மூட்டையை அப்படியே கவிழ்த்துவிட்டுப் போவார். வீட்டுக்குள் அவர் கால் படவேண்டியதில்லை, கம்பளத்தில் கரித்தூள் விழவும் வழியில்லை. துளை சுமார் ஓர் அடி அகலம்தான், திருடன் நுழைய முடியாத அளவு. லண்டனில் நடக்கும்போது காலடியைப் பார்த்து நடந்தால் இந்த மூடிகள் நூற்றுக்கணக்கில் கண்ணில் படும், பூவும் நட்சத்திரமுமாக விதவிதமான வார்ப்பு வேலையோடு. எங்கள் கரி அறையில் நான் சைக்கிள் வைத்திருந்தேன். எத்தனை தடவை கழுவினாலும் கை வைத்தால் கருப்பு ஒட்டும்.

சரி, இதை யார் கட்டினார்கள், யார் பணத்தில்? இதுதான் எனக்கு இன்னும் வியப்பு. நிலத்தின் சொந்தக்காரர் வீடு கட்டுவதில்லை, நிலத்தை விற்பதும் இல்லை. 99 வருஷம்போல நீண்ட குத்தகைக்கு விடுவார். எடுப்பவர் ஒரு தச்சராக இருப்பார், அல்லது கொத்தனார், பூச்சுவேலைக்காரர். முதல் ஒன்றிரண்டு வருஷத்துக்கு நில வாடகை ஒரு மிளகு. பேச்சுக்குச் சொல்லவில்லை, பத்திரத்திலேயே அப்படித்தான் எழுதுவார்கள், ஒரே ஒரு மிளகுமணி. அந்த அவகாசத்துக்குள் கடன் வாங்கி வீட்டின் கூட்டை எழுப்பி, முழு வாடகை விழும் முன்பே யாருக்காவது குத்தகையைக் கைமாற்றிவிட வேண்டும். கையில் காசு இல்லாததால் தொழிலாளிகள் வேலையையே பண்டமாற்று செய்துகொண்டார்கள்: என் வீட்டுக்கு நீ சுவர் வை, உன் வீட்டுக்கு நான் கதவும் ஜன்னலும் போடுகிறேன். அந்த ஒரே முகம் கொண்ட தெருவுக்குப் பின்னால் இப்படி ஒரு டஜன் பேருடைய கடனும் பயமும் இருந்தன. 1793இல் பிரான்ஸோடு போர் மூண்டு கடன் நின்றுபோனபோது மேற்கு இங்கிலாந்தில் பிரிஸ்டலிலும் பாத் நகரிலும் கட்டுமானக்காரர்கள் வரிசையாக நொடித்துப் போனார்கள். பிரிஸ்டல் கிளிஃப்டனில் மலைவிளிம்பில் வளைந்து நிற்கும் ராயல் யார்க் கிரெசென்ட் என்ற வீட்டு வரிசை 1791இல் ஆரம்பித்தது, முடிய 1820 ஆயிற்று. இடைப்பட்ட வருஷங்களில் கூரையில்லாத சுவர்களைப் பார்த்துக்கொண்டு அந்த ஊர் எப்படி இருந்திருக்கும் என்று அங்கே போனபோது யோசித்தேன்.

இத்தனை அவசரத்தில், இத்தனை கைகள் கட்டியும் தெரு ஏன் இவ்வளவு அழகாக இருக்கிறது? என் பதில்: சட்டமும் சிக்கனமும். 1666 பெருந்தீயில் வெந்த ஊர் லண்டன், அதன்பின் வந்த ஒவ்வொரு கட்டடச் சட்டத்திலும் நெருப்புப் பயம் இருக்கிறது. 1707இல் கூரை விளிம்பில் மரவேலை கூடாது என்றார்கள், அதனால் கூரையை மறைத்துக் கைப்பிடிச் சுவர் எழுந்தது. 1709இல் ஜன்னலின் மரச்சட்டத்தைச் சுவர் முகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னார்கள். 1774இல் வந்தது பெரிய சட்டம், ராபர்ட் டெய்லர், இளைய ஜார்ஜ் டான்ஸ் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் எழுதியது. அது ஜன்னலின் மரப்பெட்டியையே செங்கலுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது. வீடுகளை நான்கு தரமாகப் பிரித்தது: தரைப்பரப்பு 900 சதுர அடிக்கு மேல், மதிப்பு 850 பவுண்டுக்கு மேல் என்றால் முதல் தரம், இப்படியே இறங்கி 350 சதுர அடிக்கும் 150 பவுண்டுக்கும் குறைவானது நான்காம் தரம். எந்தத் தரத்துக்குச் சுவர் எத்தனை தடிமன், அஸ்திவாரம் எப்படி என்று எல்லாம் அதில் உண்டு. எங்கள் வீடு மூன்றாம் தரம். பிற்காலத்தில் பலர் இதைக் கருப்புச் சட்டம் என்று திட்டினார்கள், ஊரையே மொட்டையாக்கிவிட்டதாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜன்னல் உள்ளே போனதால்தான் வெயில் சாயும் நேரத்தில் ஒவ்வொரு ஜன்னலின் ஓரத்திலும் கத்தியால் கீறியதுபோல ஒரு நிழல் விழுகிறது. வேறு ஒரு பூவேலையும் இல்லாத சுவருக்கு அந்த நிழல் போதும்.

மீதி வேலையை அளவுகள் செய்கின்றன. தரைத்தள ஜன்னல் நடுத்தர உயரம், முதல் மாடியில் மிக உயரம், அதற்கு மேல் குட்டை, உச்சியில் ஏறக்குறைய சதுரம். விருந்தினர் வந்து உட்காரும் அறை முதல் மாடியில், அதனால் வெளிச்சமும் மரியாதையும் அங்கே. ஒவ்வொரு ஜன்னலிலும் மேலே 6, கீழே 6 என்று சின்னச் சின்னக் கண்ணாடி. அன்றைக்குக் கண்ணாடியை ஊதி, சுழற்றி, தட்டுபோல விரித்துத்தான் வெட்டுவார்கள், பெரிய துண்டு கிடைக்காது. 1746 முதல் 1845 வரை கண்ணாடிக்கு எடைப்படி வரியும் இருந்ததால் முடிந்தவரை மெல்லியதாகச் செய்தார்கள். எங்கள் வீட்டில் பழைய கண்ணாடி நான்கு மட்டும் மிச்சம் இருந்தன, முதல் மாடியில். அவற்றின் வழியே எதிர்வீட்டைப் பார்த்தால் தண்ணீருக்குள் இருப்பதுபோல அசையும். செங்கல் வைத்து அடைத்த ஜன்னலைக் காட்டி, ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது என்று எல்லோரும் சொல்வார்கள். வரி இருந்தது உண்மை, 1696 முதல் 1851 வரை. ஆனால் அடைத்த ஜன்னல்களில் பல, கட்டும்போதே குருடாகக் கட்டியவை. உள்ளே புகைபோக்கியோ படிக்கட்டோ இருக்கும், வெளியே வரிசை கெடக்கூடாது என்பதற்காக ஜன்னலின் வடிவம் மட்டும்.

இப்போது செங்கல். லண்டன் செங்கல் மஞ்சள் நிறம். அந்த ஊர்க் களிமண்ணில் சுண்ணாம்புக் கல்லையும், வீடுகளிலிருந்து வாரிய அடுப்புச் சாம்பலையும் கலந்து, பல நேரம் வீடு எழும் வயலுக்குப் பக்கத்திலேயே சூளை போட்டுச் சுட்டார்கள். பிறகு கரிப்புகை படிந்து எல்லாம் கருப்பாயிற்று; பிரிட்டிஷ் பிரதமரின் டவுனிங் தெரு 10ஆம் எண் வீடு டிவியில் கருப்பாகத் தெரிகிறதே, அதுவும் அடியில் மஞ்சள் செங்கல்தான், அந்தக் கருப்பை இன்று பெயின்ட் அடித்துக் காப்பாற்றுகிறார்கள். நல்ல செங்கல் விலை அதிகம், அதற்கு மேல் 1784இல் செங்கல் வரியும் வந்துவிட்டது. அதனால் என்ன செய்தார்கள் என்றால், நல்லதை முகத்துக்கு மட்டும் ஒற்றை வரிசையாக வைத்து, உள்ளே அரைவேக்காட்டுச் செங்கலை அடுக்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நீளக்கல், குறுக்குக்கல், நீளக்கல் என்று மாறி மாறி வந்து சுவர் முழுத் தடிமனுக்கும் கோத்துக் கட்டியதுபோல இருக்கும். ஆனால் அந்தக் குறுக்குக்கற்களில் பாதிக்கு மேல் உடைத்த அரைக்கல். முகம் ஒரு தோல், உடம்பு வேறு, நடுவே அங்கங்கே ஒரு பிடிப்பு. போதாக்குறைக்குச் சுவருக்குள் நெடுக மரச்சட்டம் வைத்தார்கள், அது மக்கினால் முகம் முன்னால் பிதுங்கும்.

இதை நான் தெரிந்துகொண்டது நல்லபடியாக இல்லை. வீட்டுக்காரர் அனுப்பிய ஆட்கள் முன்சுவரின் பழைய சுண்ணாம்புக் காரையைச் சுரண்டி எடுத்துவிட்டு, இடுக்குகளில் சிமெண்ட் வைத்துப் பூசினார்கள். பார்க்கப் புதுசாக, கெட்டியாக இருந்தது. அடுத்த குளிர்காலத்திலேயே முன்னறைச் சுவரில் ஓதம் ஏறியது. படுக்கைக்குப் பக்கத்தில் உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காகக் கொட்டியது, புத்தகங்கள் எல்லாம் பூசணம். சுண்ணாம்பு மூச்சுவிடும். மழை ஈரத்தைச் செங்கலும் காரையும் குடித்து, காற்றடிக்கும்போது காரை வழியே வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது, ஈரம் செங்கலிலேயே தங்கி, பனி உறையும் இரவில் வீங்கி, செங்கலின் முகத்தையே சில்லுச் சில்லாகப் பெயர்த்தது. 190 வருஷம் பொறுத்துக்கொண்ட கல், மூன்று குளிர்காலத்தில் உதிர்ந்தது. அதைச் சரிசெய்யத்தான் அந்த வயதான கொத்தனார் வந்தார். சிமெண்டை உளியால் ஒவ்வொரு இடுக்காக எடுத்தார், மெஷின் வைக்கவில்லை, வைத்தால் கல் விளிம்பு போய்விடும் என்றார். பிதுங்கிய இடத்தில் எஃகு கம்பியால் தோலை உடம்போடு தைத்தார். அப்புறம் சுண்ணாம்பும் மணலும் குழைத்து நிரப்பினார். ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்தில் அவர் பேசியதை வைத்துத்தான் இந்தக் கட்டுரையில் பாதி.

அதற்குப் பிறகு மேல்வீட்டு அம்மாவோடு பழக்கம் ஏற்பட்டது. எண்பது வயதைத் தாண்டியவர், மேல் மூன்று தளமும் அவருடையவை. தளத்துக்கு இரண்டு அறை, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்தில் படிக்கட்டு. இவ்வளவுதான் மொத்தத் திட்டம், லண்டன் முழுக்க இதே திட்டம்தான். அந்தப் படியில் ஏறும்போது கவனித்தால் வீடே யார் எங்கே இருக்கலாம் என்று சொல்லும். முதல் மாடிக் கூரை விளிம்பில் அழகான சுதைவேலை, குளிர்காயச் சலவைக்கல் அடுப்பு. அதற்கு மேல் வெறும் கோடுகள். உச்சி அறையில் ஒன்றுமே இல்லை, கூரை தலையை முட்டும், அடுப்பு ஒரு சாண் அகலம். வேலைக்காரப் பெண் படுத்தது அங்கே, வேலை செய்தது என் பேஸ்மென்ட்டில். என் படுக்கை கிடந்த முன்னறைதான் அன்றைய சமையலறை. தண்ணீரும் கரியும் சுமந்து ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவள் இந்தப் படிகளில் ஏறியிருப்பாள் என்று நினைக்காமல் ஒரு நாளும் நான் அதில் ஏறியதில்லை.

அடுப்புகளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு அடுப்புக்கும் தனிப் புகைவழி, எல்லாம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவருக்குள் வளைந்து வளைந்து போகும். அளவு 14 அங்குலத்துக்கு 9 அங்குலம். அதைச் சுத்தம் செய்யச் சிறுவர்களை உள்ளே ஏற்றினார்கள். 8 வயதுக்குக் கீழ் கூடாது என்று 1788இல் ஒரு சட்டம் வந்தது, யாரும் மதிக்கவில்லை. 1875 சட்டம்தான் இந்தக் கொடுமையை உண்மையில் நிறுத்தியது. கொத்தனார் அடுப்பைத் திறந்து காட்டியபோது நான் என் தோளை அந்த அளவோடு வைத்துப் பார்த்தேன். அன்றோடு எனக்கு அந்த அடுப்பு அலங்காரப் பொருளாக இல்லாமல் போயிற்று.

பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையும் விட முடியாது. பிரிஸ்டலில் கிரேட் ஜார்ஜ் தெரு 7ஆம் எண் வீடு இப்போது அருங்காட்சியகம், 1790 வாக்கில் கட்டியது. கட்டியவர் ஜான் பின்னி, கரீபியத் தீவான நெவிஸில் கரும்புத் தோட்டங்களும் அடிமைகளும் வைத்திருந்தவர். பேஸ்மென்ட்டில் அவர் குளித்த குளிர்நீர்த் தொட்டிகூட இருக்கிறது. அந்த வீட்டில் பீரோ என்ற அடிமையும் இருந்தார். துறைமுகத்தில் 1999இல் திறந்த நடைபாலத்துக்கு அவர் பெயர்தான். பிரிட்டன் 1833இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது, கொடுத்தது உடைமையாளர்களுக்கு. வாங்கியவர்களின் முகவரிப் பட்டியலில் லண்டனின் இந்த மாதிரித் தெருக்கள் நிறைய வருகின்றன.

பெரிய இடங்களையும் போய்ப் பார்த்தேன். பெட்ஃபோர்டு சதுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது, 1775இல் ஆரம்பித்தது. வாசல் வளைவைச் சுற்றி எலினார் கோட் என்ற பெண்மணி லண்டன் லாம்பெத்தில் நடத்திய தொழிற்சாலையின் செயற்கைக் கல், உச்சிக் கல்லில் தாடி வைத்த முகங்கள். சுட்ட மண்தான், கல்லைவிட நன்றாக வெயிலையும் மழையையும் தாங்கியிருக்கிறது. ரீஜென்ட்ஸ் பூங்காவில் கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் 1820களில் எழுப்பிய கம்பர்லாந்து டெரஸ் அரண்மனை மாதிரி, வெள்ளைப் பூச்சும் தூண்களும். அது என் மனசில் ஒட்டவில்லை. பாத் நகரின் ராயல் கிரெசென்ட் வேறு ரகம்: 1767இல் தொடங்கி இளைய ஜான் வுட் கட்டியது, 30 வீடுகள், 114 தூண்கள், பிறைபோல ஒரே வளைவு. எல்லோரும் புல்வெளியில் நின்று படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் சுற்றிக்கொண்டு பின்பக்கச் சந்துக்குப் போனேன். அங்கே ஒரு வீடும் இன்னொன்றைப்போல இல்லை. ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, ஒன்று உள்ளே போயிருக்கிறது, ஜன்னல்கள் இஷ்டத்துக்கு. வுட் முகத்தை மட்டும் விதித்தார், பின்னால் அவரவர் தங்கள் ஆளை வைத்துத் தங்கள் வசதிக்குக் கட்டிக்கொண்டார்கள். முகத்தில் ஊருக்காக அடங்கி, முதுகில் தனக்காக வாழ்ந்துகொள்ளும் அந்த ஏற்பாட்டை நான் குறையாகவே நினைக்கவில்லை. இந்தக் கட்டடங்களில் எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான், முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்திடம்தான் கேள்வி கேட்கவேண்டும் என்று என் பேஸ்மென்ட் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தது.

கடைசி வருஷம் ஐப்பசி மழை மாதிரி நாள் முழுக்கப் பெய்த ஒரு நவம்பரில், மேல்வீட்டு அம்மாவின் உச்சி அறையில் ஒழுக ஆரம்பித்தது. வேலைக்காரர் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். மழை விட்ட காலையில் அவர் ஏணியைப் பிடிக்க, நான் கூரைக் கதவு வழியே ஏறினேன். தெருவிலிருந்து பார்த்தால் இந்த வீடுகளுக்குக் கூரையே இல்லை என்று தோன்றும், கைப்பிடிச் சுவர் நேர்கோடாக ஓடும். அதற்குப் பின்னால் கூரை நம் கூரைக்குத் தலைகீழ். இரண்டு பொதுச்சுவர்களிலிருந்தும் உள்நோக்கிச் சரிந்து நடுவே பள்ளமாகி, ஈயத் தகடு போட்ட அந்தப் பள்ளத்தில் தண்ணீர் பின்பக்கம் ஓடும். பட்டாம்பூச்சி இறக்கை என்பார்கள். நான் அந்தப் பள்ளத்தில் முழங்கால் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தேன். புகைபோக்கிகளின் வரிசைக்கு நடுவே ஸ்லேட் சரிவுகள் இறங்கி ஏறி இறங்கி ஏறி 22 வீட்டுக்கும் போயின, சில வீட்டில் பழையது, சில வீட்டில் புதுசு, ஒன்றில் யாரோ தக்காளித் தொட்டி வைத்திருந்தார்கள்.

பின்கோடியில் குழாய் வாயை மரத்து இலைகள் சோறுபோலக் குழைந்து அடைத்திருந்தன. முழங்கைவரை கையை விட்டு இரண்டு மூன்று கொத்து எடுத்ததும், தேங்கிக் கிடந்த தண்ணீர் மொத்தமும் ஒரு சத்தத்தோடு உள்ளே இழுத்துக்கொண்டு போயிற்று. நான்கு தளம் இறங்கி அது என் பின்வாசல் சாக்கடையில் கொட்டுவது மேலே எனக்குக் கேட்டது.